தாலாட்டு இருக்கை தூங்கும் இடமா? பச்சிளங்குழந்தைகளின் பாதுகாப்பான உறக்கம் குறித்து அறிய வேண்டியவை

புதுடெல்லி: அமெரிக்காவின் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 2009ஆம் ஆண்டு பச்சிளங்குழந்தைகளுக்கான ஒரு சாய்வுத் தொட்டிலை அறிமுகப்படுத்தியது. 'ராக் அண்ட் பிளே' என்பது அதன் பெயர். அமெரிக்கக் கடைகளில் அது இரவு முழுவதும் குழந்தை தூங்குவதற்கான 'ஸ்லீப்பர்' என்று விற்கப்பட்டது. எல்லை தாண்டிக் கனடாவுக்குச் சென்றபோது அதே பொருள் 'சூதிங் சீட்', அதாவது அழும் குழந்தையை ஆற்றும் இருக்கை என்ற பெயரில் விற்கப்பட்டது. சாய்வான அந்த அமைப்பைத் தூங்கும் இடமாக விற்பதைக் கனடாவின் சுகாதாரத் துறை ஏற்காததே இந்தப் பெயர் மாற்றத்திற்குக் காரணம். வடிவமைப்பு ஒன்றுதான், சாய்வும் ஒன்றுதான். ஒரு நாட்டில் படுக்கை, மற்றொரு நாட்டில் இருக்கை.

பெயரில் இருந்த இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பது பத்து ஆண்டுகளுக்குப் பின்னரே உலகுக்குத் தெரிய வந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி அமெரிக்காவில் ஏறத்தாழ 47 லட்சம் 'ராக் அண்ட் பிளே' தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. அப்போது 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் உயிரிழந்திருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அதே அறிவிப்பு மீண்டும் வெளியிடப்பட்டபோது, பதிவான மரணங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 100 என்றும், அவற்றில் குறைந்தது எட்டு மரணங்கள் முதல் அறிவிப்புக்குப் பின்னர் நிகழ்ந்தவை என்றும் அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது. சில மரணங்களின் சூழலையோ பொருளின் சரியான மாதிரியையோ உறுதிசெய்ய இயலவில்லை என்பதையும் ஆணையம் குறிப்பிட்டிருந்தது.

இந்தியாவில் இன்று இணையவழிக் கடைகளில் பவுன்சர், ராக்கர், ஸ்விங், தானியங்கித் தொட்டில் எனப் பல பெயர்களில் இத்தகைய இருக்கைகள் விற்பனையாகின்றன. வளைகாப்பு, பெயர் சூட்டு விழாப் பரிசாகவும் வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பொருளாகவும் அவை வீடுகளுக்குள் வருகின்றன. இவற்றைப் பயன்படுத்தவே கூடாதா, பயன்படுத்தலாம் என்றால் எப்படி, குழந்தை உண்மையில் எங்கே தூங்க வேண்டும் என்பன பெற்றோர் பலரும் கேட்கும் கேள்விகள்.

சாய்வில் என்ன ஆபத்து?

பிறந்த குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிடுகையில் பெரியது, கனமானது. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளோ முதல் சில மாதங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும். சாய்ந்த அல்லது அமர்ந்த நிலையில் குழந்தை தூங்கும்போது தலை மெல்ல முன்னால் சரிந்து, தாடை நெஞ்சைத் தொடுகிறது. குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. அதன் சுவர் மென்மையானது. கழுத்து மடங்கும்போது, வளைத்த ரப்பர் குழாய் போல அதன் உட்பாதை சுருங்கிவிடுகிறது.

பெரியவர்களுக்கு இப்படி நேர்ந்தால் உடனே விழித்துக்கொள்வார்கள். பச்சிளங்குழந்தையால் தலையை உயர்த்திக்கொள்ள முடியாது. பாதை குறுகியிருப்பதால் உரக்க அழவும் முடியாது. உடலில் ஆக்சிஜன் அளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது ஆழ்ந்த உறக்கமாகவே தெரியும். அதே அறையில் தாய் இருக்கும்போதே இத்தகைய மரணங்கள் நிகழ்ந்திருப்பதற்கு இந்த அமைதியே காரணம். குழந்தை திணறும் சத்தம் கேட்டால் ஓடிவந்து தூக்கிவிடலாம் என்ற நம்பிக்கை இங்கு உதவுவதில்லை.

இரண்டாவது ஆபத்து புரள்வதில் உள்ளது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கோரிக்கையின்பேரில், ஆர்கன்சாஸ் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய உயிர் இயக்கவியல் ஆய்வாளர் எரின் மேனன் தலைமையிலான குழு, சாய்வுத் தொட்டில்களில் குழந்தைகளின் தசை இயக்கத்தை ஆராய்ந்தது. உடல் சற்று மடங்கியிருக்கும் சாய்வு நிலையில் குழந்தை புரள்வது எளிதாகிறது என்பதும், குப்புறப் புரண்ட பின்னர் முகத்தை விடுவித்துக்கொள்ள வயிற்றுத் தசைகள் வழக்கத்தைவிட அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது என்பதும் 2019ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் தெரிய வந்தன. சமதளத்தில் அதுவரை ஒருமுறைகூடப் புரளாத குழந்தை, சாய்வில் முதன்முறையாகப் புரளக்கூடும். களைத்துப்போன தசைகளால் மீண்டும் திரும்ப இயலாமல் முகம் துணியில் பதிந்துவிடும். ஆராயப்பட்ட சாய்வுப் பொருள்களில் எதுவும் தூங்குவதற்குப் பாதுகாப்பானது அல்ல என்றும், 10 டிகிரிக்கு மிகாத சாய்வு கொண்ட, தட்டையான, உறுதியான பரப்பே பாதுகாப்பாக இருக்கக்கூடும் என்றும் அக்குழு முடிவு கூறியது. 'ராக் அண்ட் பிளே' தொட்டிலின் சாய்வு 30 டிகிரி.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

2019 ஏப்ரல் முதல் வாரத்தில் ஆணையமும் நிறுவனமும் இணைந்து வெளியிட்ட முதல் எச்சரிக்கையில், 2015க்குப் பின் 10 குழந்தைகள் இறந்ததாக மட்டுமே கூறப்பட்டது. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் புரளத் தொடங்கியதும் பயன்பாட்டை நிறுத்துமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தப்பட்டது. சில நாள்களில் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் இதழ், குறைந்தது 32 மரணங்கள் இந்தத் தொட்டிலுடன் தொடர்புடையவை என்றும், இறந்தவர்களில் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைகளும் உண்டு என்றும் ஆவணங்களின் அடிப்படையில் வெளியிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பொருளைத் திரும்பப் பெறுமாறு வெளிப்படையாக வலியுறுத்தியது. அதன் பிறகே 12ஆம் தேதி அறிவிப்பு வந்தது. அதே மாதத்தில் கிட்ஸ் டூ நிறுவனமும் தனது ஏறத்தாழ 6.94 லட்சம் சாய்வுத் தொட்டில்களைத் திரும்பப் பெற்றது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் கண்காணிப்புக் குழு இது பற்றி விசாரித்து 2021 ஜூனில் அறிக்கை அளித்தது. பொருளைச் சந்தைப்படுத்தும் முன் அதன் பாதுகாப்பு குறித்து ஒரே ஒரு மருத்துவரிடம் மட்டுமே நிறுவனம் ஆலோசனை பெற்றிருந்தது என்பது அந்த அறிக்கையில் இடம்பெற்ற விவரங்களில் ஒன்று. பெயர் பெற்ற நிறுவனத்தின் பொருள் என்றால் யாரோ பரிசோதித்திருப்பார்கள் என்றே எல்லாப் பெற்றோரும் கருதுகின்றனர். அந்தக் கருத்து அங்கேயே பொய்த்துப் போயிற்று.

இதன் விளைவாக 2022 மே 16ஆம் தேதி 'குழந்தைகளுக்கான பாதுகாப்பான உறக்கச் சட்டம்' கையெழுத்தானது. ஒரு வயது வரையிலான குழந்தைகளுக்கென 10 டிகிரிக்கு மேல் சாய்வு கொண்ட தூக்கத் தொட்டில்களும், தொட்டிலின் உட்பக்கத்தில் கட்டப்படும் மெத்தை போன்ற தடுப்புகளும் அதே ஆண்டு நவம்பர் 12 முதல் அங்கு தடை செய்யப்பட்டன. தூங்குவதற்கென விற்கப்படும் எந்தக் குழந்தைப் பொருளும் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்ற ஆணையத்தின் தனி விதியும் அதே ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்திருந்தது.

ஆனால், இச்சட்டம் கட்டுப்படுத்துவது 'தூங்குவதற்கு' என்று விற்கப்படும் பொருள்களை மட்டுமே. 'ஆற்றுவதற்கு' என்று விற்கப்படும் இருக்கைகள், ஊஞ்சல்கள், ராக்கர்கள் சந்தையில் தொடர்கின்றன. அவற்றிலும் குழந்தைகள் தூங்கத்தான் செய்கின்றன. ஆட்டினால் குழந்தை தூங்கிவிடும் என்பதே அவற்றின் விற்பனைக்கு அடிப்படை. 2021 ஜூனில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் 'ராக் அண்ட் கிளைடு' இருக்கைகள், நான்கு குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து திரும்பப் பெறப்பட்டன. 2022 ஜூனில், அதே நிறுவனத்தின் ராக்கர்களில் 2009 முதல் 2021 வரை குறைந்தது 13 மரணங்கள் பதிவாகியிருப்பதாக ஆணையம் எச்சரித்தது. 2024 அக்டோபரில் 'ஸ்னூகா' எனப்படும் குழந்தை ஊஞ்சல்கள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை குறித்து அறிவிப்பு வந்தது. அவற்றில் 2012க்கும் 2022க்கும் இடையே ஒன்று முதல் மூன்று மாதம் வரையிலான ஐந்து குழந்தைகள் உறங்கும்போது இறந்திருந்தன. பெரும்பாலான நிகழ்வுகளில் குழந்தைக்குப் பட்டை பூட்டப்படவில்லை; இருக்கையில் கூடுதல் விரிப்புகள் இருந்தன. ஊஞ்சலின் தலையணைப் பகுதியையும் உள்மெத்தையையும் வெட்டி நீக்குமாறு பெற்றோரிடம் கூறப்பட்டது. மிருதுவாக, சொகுசாகத் தோன்றிய பகுதிகளே ஆபத்தானவையாக இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

கார் இருக்கையும் விதிவிலக்கல்ல

2004 முதல் 2014 வரை அமெரிக்காவில் உறக்கத்தின்போது நிகழ்ந்த 11,779 குழந்தை மரணங்களை ஆராய்ந்து 2019இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, அவற்றில் 348 மரணங்கள் அமரும் சாதனங்களில் நிகழ்ந்தவை எனக் கண்டது. அவற்றில் ஏறத்தாழ 63 விழுக்காடு கார் இருக்கைகளில் நிகழ்ந்தவை. ஆனால், அந்தக் கார் இருக்கைகளில் பத்தில் ஒன்றுகூட அப்போது முறைப்படி பயன்படுத்தப்படவில்லை. அமரும் சாதனங்களில் நிகழ்ந்த மரணங்களில் பாதிக்கும் மேல் குழந்தையின் சொந்த வீட்டிலேயே நடந்தவை.

இதைப் படித்துவிட்டுக் கார் இருக்கையே வேண்டாம் என்று முடிவு செய்வது பெரும் தவறாகும். ஓடும் காரில், உரிய கோணத்தில் பொருத்தி, பட்டை பூட்டிய இருக்கையே குழந்தைக்குப் பாதுகாப்பானது. மடியில் வைத்துச் செல்வது அல்ல. இந்தியாவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பாதுகாப்புப் பட்டையோ குழந்தைகளுக்கான தாங்கு அமைப்போ இன்றி ஏற்றிச் செல்வோருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த பின், தூங்கும் குழந்தையை எழுப்ப மனமின்றி இருக்கையோடு தூக்கிவந்து கட்டில் மீதோ சோபா மீதோ வைத்துவிடுவதில்தான் சிக்கல். காரில் சரியாக இருந்த கோணம் அங்கு மாறிவிடுகிறது. தளர்த்திய பட்டை கழுத்தருகே வருகிறது. மெத்தையில் இருக்கை கவிழவும் கூடும். நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் நிறுத்தி, குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். முதல் சில வாரங்களில் இன்னும் அடிக்கடி எடுப்பது நல்லது.

மல்லாந்து படுத்தால் பால் புரையேறாதா?

இந்திய வீடுகளில் தாத்தா, பாட்டியரிடம் இருந்து எழும் முதல் கேள்வி இதுவே. பால் கக்கினால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்ற அச்சத்தால் ஒருக்களித்தோ தலையை உயர்த்தியோ படுக்க வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. எதுக்களிக்கும் குழந்தைகளைச் சாய்வு இருக்கையில் தூங்க வைக்கும் பழக்கமும் இதிலிருந்து வந்ததே.

உடற்கூறு இதற்கு வேறு விடை தருகிறது. மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு முன்பக்கமாக அமைந்துள்ளது. குழந்தை மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலும் உணவுக்குழாய் கீழும் இருக்கும். எதுக்களித்து வரும் பால், மூச்சுக்குழாய்க்குள் செல்ல வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். குப்புறப் படுக்கும்போதுதான் இந்த அமைப்பு தலைகீழாகிறது. ஆரோக்கியமான குழந்தைகளிடம் விழுங்கும், இருமும் அனிச்சைச் செயல்களும் பாதுகாப்பு அளிக்கின்றன. எதுக்களிப்பு உள்ள குழந்தைகளையும் சமதளத்தில் மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும் என்பதும், அதற்காகப் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவதால் பயன் இல்லை என்பதும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. பால் கொடுத்தபின் சிறிது நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்து, ஏப்பம் விடச் செய்து, பிறகு படுக்க வைத்தால் போதும். மூச்சுப் பாதையில் பிறவிக் கோளாறு உள்ள மிகச் சில குழந்தைகளுக்கு மருத்துவரே வேறு நிலையைப் பரிந்துரைக்கலாம். அது அந்தக் குழந்தைக்கு மட்டுமான அறிவுரை.

ஒருக்களித்த நிலை நடுநிலையானதாகத் தோன்றினாலும் நிலையற்றது. அதிலிருந்து குழந்தை எளிதில் குப்புறச் சரிந்துவிடும்.

மல்லாந்து படுக்க வைப்பதன் பயனை உலகம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. காரணம் புலப்படாமல் ஒரு வயதுக்குள் உறக்கத்திலேயே நிகழும் மரணம், திடீர் சிசு மரணம் எனப்படுகிறது. 1980களில் மேலை நாடுகளில் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று மருத்துவர்களே கூறி வந்தனர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பீட்டர் ஃபிளெமிங் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வுகள் அந்தப் பழக்கத்துக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டின. 1991 இறுதியில் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் 'மல்லாந்து உறங்கட்டும்' என்ற பிரசாரங்கள் தொடங்கின. அமெரிக்காவில் 1990இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 130 ஆக இருந்த திடீர் சிசு மரண விகிதம், 2020இல் 40க்கும் கீழே வந்தது. புதிய மருந்தோ கருவியோ இன்றி, படுக்கும் நிலையை மாற்றியதே இந்தச் சரிவுக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. எனினும், அங்கு இன்றும் ஆண்டுதோறும் 3,500 குழந்தைகள் வரை உறக்கம் தொடர்பான காரணங்களால் இறக்கின்றன.

இந்த மரணங்களை விளக்க 1994இல் முன்வைக்கப்பட்ட கருத்தாக்கம் மூன்று காரணிகளைக் குறிப்பிடுகிறது. குழந்தையின் மூளையில் மூச்சையும் விழிப்பையும் கட்டுப்படுத்தும் பகுதியில் வெளியே தெரியாத குறைபாடு ஒன்று. முதல் ஆறு மாதம் என்ற நெருக்கடியான பருவம் இரண்டாவது. குப்புறப் படுத்தல், மூச்சை மறைக்கும் துணி, புகையிலைப் புகை போன்ற புற அழுத்தம் மூன்றாவது. மூன்றும் ஒரே வேளையில் கூடும்போது மரணம் நேர்கிறது. முதல் இரண்டும் பெற்றோர் கையில் இல்லை. எனவேதான் எல்லா வழிகாட்டல்களும் மூன்றாவதைப் பற்றியே பேசுகின்றன. எத்தனையோ குழந்தைகள் குப்புறப் படுத்து நன்றாக வளர்ந்தன என்ற வாதம் உண்மைதான். எந்தக் குழந்தைக்கு அந்த மறைவான குறைபாடு உள்ளது என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை என்பதே அதற்கான பதில்.

தூளி, கோடியு, கடுகுத் தலையணை

இந்தியாவில் குழந்தை மரணங்கள் குறைந்து வருகின்றன. மாதிரிப் பதிவு முறையின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஆயிரம் பிறப்புகளுக்கு 25 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கின்றன. குறைப்பிரசவம், தொற்று, பிறப்பின்போது மூச்சுத் திணறல் ஆகியவையே பெரிய காரணங்கள். உறக்கத்தில் நிகழும் மரணங்கள் இந்தக் கணக்கில் தனியே தெரிவதில்லை. 2020இல் நாட்டில் பதிவான எல்லா வயது மரணங்களிலும் 22.5 விழுக்காட்டுக்கு மட்டுமே மருத்துவரின் காரணச் சான்று இருந்தது. வீட்டில் இறக்கும் சிசுவுக்கு உடற்கூறாய்வு நடப்பது அரிது. 'பால் புரையேறி இறந்தது' என்ற ஒரு வரியோடு பல நிகழ்வுகள் முடிந்துவிடுகின்றன.

சாய்வும் வளைவும் நமக்குப் புதியவை அல்ல. தமிழ்நாட்டில் சேலையில் கட்டும் தூளி, குஜராத்தில் சட்டத்தில் தொங்கும் கோடியு எனத் துணித் தொட்டில்கள் தலைமுறைகளாகப் பயன்பாட்டில் உள்ளன. அழும் குழந்தையை ஆற்றுவதில் அவற்றுக்கு நிகரில்லை. எறும்பு, பூச்சி, தரையின் குளிர் ஆகியவற்றிலிருந்து காத்ததும் அவையே. ஆனால், மேலே கூறிய அளவுகோலை அப்படியே வைத்துப் பார்த்தால், துணி நடுவில் தொய்ந்து உடலை வளைக்கிறது. தாடை நெஞ்சை நோக்கி மடங்குகிறது. துணி முகத்தின் இருபுறமும் நெருங்கி நிற்கிறது. முதல் நான்கு மாதங்களில் இவை மூன்றுமே கவனிக்க வேண்டியவை. தூளியில் ஆற்றித் தூங்கவைத்த பின் தரைப்பாயிலோ தட்டையான தொட்டிலிலோ மாற்றிப் படுக்க வைப்பது எளிய மாற்றம். மாற்றும்போது விழித்துக்கொள்ளும் என்பது எல்லாத் தாய்மாரும் அறிந்ததே. அந்தச் சிரமம் உண்மையானது. சில நாள்களில் பழகிவிடும் குழந்தைகளும் உண்டு, பழகாத குழந்தைகளும் உண்டு. தூளியிலேயே தூங்கும் நேரத்தில் ஒருவர் அருகில் இருந்து முகம் தெரிகிறதா, தாடை நிமிர்ந்துள்ளதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். இரவு முழுவதும் தூளியில் விட்டுவிட்டு எல்லோரும் உறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

குழந்தை வளர்ந்த பின்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கும் தூளி வேறொரு ஆபத்து. அதில் சுழன்று விளையாடிய சிறுவர் சிறுமியர் கழுத்து இறுகி உயிரிழந்த செய்திகள் தமிழ்நாட்டில் அவ்வப்போது வருகின்றன. பயன்பாடு முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும்.

வட மாநிலங்களில் தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகு நிரப்பிய தலையணையில் குழந்தையைப் படுக்க வைக்கின்றனர். கொசுவலையோடு விற்கப்படும் குழந்தை மெத்தைகளில் ஒரு தலையணையும் இரு பக்கங்களுக்கும் உருளைத் திண்டுகளும் சேர்ந்தே வருகின்றன. வலையை வைத்துக்கொண்டு தலையணையையும் திண்டுகளையும் எடுத்துவிடுவதே சரி. ஒரு வயது வரை குழந்தைக்குத் தலையணை தேவையில்லை. பின்னந்தலை தட்டையாகிவிடும் என்று கவலைப்படுவோர், குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பெரியவர் கண்முன்னே சிறிது சிறிது நேரம் குப்புறப் படுக்க வைத்து விளையாடலாம். கழுத்தும் தோளும் வலுப்பெற அதுவே சிறந்த பயிற்சி. ஒவ்வொரு நாளும் தலை திரும்பியிருக்கும் பக்கத்தை மாற்றிப் படுக்க வைப்பதும் உதவும்.

எங்கே, எப்படிப் படுக்க வைப்பது?

தட்டையான, உறுதியான, சாயாத பரப்பு. அதன்மேல் இறுக்கமாக விரித்த ஒரே துணி. மல்லாந்த குழந்தை. வேறெதுவும் வேண்டாம். விலை உயர்ந்த தொட்டில் இதற்குத் தேவையில்லை என்பது இந்தியப் பெற்றோருக்கு ஆறுதலான செய்தி: தரையில் விரித்த பாயும் அதன்மேல் மடித்த பருத்தி விரிப்பும் இந்த நிபந்தனைகளைப் பெரும்பாலும் நிறைவு செய்கின்றன. இலவம்பஞ்சு மெத்தையும் தடித்த ரஜாயும் நிறைவு செய்வதில்லை. கை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, எடுத்த பின்னும் குழி நின்றால் அந்தப் பரப்பு குழந்தைக்கு ஏற்றதல்ல.

குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் பரப்பில், குறைந்தது ஆறு மாதம் வரை உறங்க வேண்டும் என அமெரிக்க வழிகாட்டல் கூறுகிறது. தாயின் அருகிலேயே குழந்தை உறங்குவது இந்தியாவில் இயல்பு. ஒற்றை அறை வீடுகளில் வேறு வழியும் இல்லை. அத்தகைய நிலையில் எவையெல்லாம் ஆபத்தைப் பெருக்கும் என்பதையாவது அறிந்திருக்க வேண்டும். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு உறங்குவது மிக மோசமானது. மது அருந்தியவர், புகைபிடிப்பவர், தூக்கம் வரவழைக்கும் மருந்து உட்கொண்டவர் அருகில் படுக்கக் கூடாது. 37 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2.5 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைக்குத் தனிப் பரப்பு கட்டாயம் வேண்டும். குழந்தையின் மறுபக்கத்தில் மூத்த பிள்ளையைப் படுக்க வைப்பதும் கூடாது.

எடை குறைந்த குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் கங்காரு பராமரிப்போடு இதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் நாள்தோறும் 8 முதல் 24 மணி நேரம் வரை பரிந்துரைக்கும் அந்த முறையில், குழந்தை தாயின் நெஞ்சோடு தோல் தொடுமாறு துணியால் கட்டப்படுகிறது; தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து சற்று நிமிர்ந்திருக்கும்படி வைக்கப்படுகிறது; செவிலியர் அதைக் கற்றுத்தருகிறார். தாடை சரிய இடமளிக்காத அந்த நிமிர்வே வேறுபாடு.

துணியில் இறுக்கிச் சுற்றிப் படுக்க வைப்போர், குழந்தை புரள முயலும் அறிகுறி தெரிந்ததும் அதை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் இது தொடங்கும். இரு பக்கமும் தானாகப் புரளக் கற்ற பின், மல்லாந்து படுக்க வைத்த குழந்தை தானே குப்புறத் திரும்பினால் அப்படியே விட்டுவிடலாம். அதிக வெப்பமும் ஆபத்தே. மூடிய அறையில் குல்லா, காலுறை, போர்வை என அடுக்க வேண்டியதில்லை. உறங்கும்போது தலை மூடப்படாமல் இருக்க வேண்டும். தாய்ப்பால் குறைந்தது இரண்டு மாதம் கொடுத்தாலே திடீர் சிசு மரண வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இருக்கை வாங்கிவிட்டோம், என்ன செய்வது?

தூக்கி எறிய வேண்டியதில்லை. தாய் சமைக்கவோ குளிக்கவோ பத்து, இருபது நிமிடம் தேவைப்படும்போது, விழித்திருக்கும் குழந்தையைக் கண் பார்வையில் அமர்த்திவைக்க அது பயன்படும். தரையில் மட்டுமே வைக்க வேண்டும். மேசை, கட்டில், சமையல் மேடை கூடாது. எல்லாப் பட்டைகளையும் பூட்ட வேண்டும். தலைக்கு அணை கொடுக்கத் துண்டு, போர்வை எதையும் செருகக் கூடாது. குழந்தை புரளவோ எழுந்து உட்காரவோ முயலத் தொடங்கினாலும், தயாரிப்பாளர் குறித்த எடையைத் தாண்டினாலும் பயன்பாட்டை நிறுத்த வேண்டும். பயன்படுத்தாதபோதும் பட்டைகள் தொங்கவிடப்படாமல் இருப்பது நல்லது: 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் 'மாமாரூ' ஊஞ்சல்கள் 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டதற்கு, இருக்கையின் அடியில் தொங்கிய பட்டை தவழும் குழந்தையின் கழுத்தில் சிக்கியதே காரணம், அதில் பத்து மாதக் குழந்தை ஒன்று உயிரிழந்தது.

இருக்கையில் குழந்தை தூங்கிவிட்டால் உடனே எடுத்துச் சமதளத்தில் படுக்க வைக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது மிகவும் முக்கியம்.

உறவினர் கொடுத்த பழைய பொருளானால் மாதிரியின் பெயரை இணையத்தில் தேடி, அது எங்கேனும் திரும்பப் பெறப்பட்டதா எனப் பார்ப்பது அவசியம். திரும்பப் பெறும் அறிவிப்பு, வாங்கியவரை எட்டினாலும் கைமாறிப் பெற்றவரை எட்டுவதில்லை. அப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்தால் வேறொருவருக்குக் கொடுக்காமல் உடைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

உறங்கும் குழந்தையின் உதடு நீலம் பூத்திருந்தாலோ, உடல் துவண்டிருந்தாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ உடனே குழந்தையைச் சமதளத்தில் கிடத்தி 108 எண்ணை அழைக்க வேண்டும்.

ஊரகப் பகுதிகளில் வீட்டு முறைப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ், மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வருகிறார். குழந்தை உறங்கும் இடத்தை அப்போது அவரிடம் காட்டிக் கேட்கலாம். ஆபத்தான பொருள் விற்கப்படுவதாகக் கருதினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 20ஆவது பிரிவு, ஆபத்தான பொருள்களைச் சந்தையில் இருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு வழங்கியுள்ளது. பொருளின் குறைபாட்டால் ஏற்பட்ட பாதிப்புக்குத் தயாரிப்பாளரிடமும் விற்பனையாளரிடமும் இழப்பீடு கோரும் உரிமையும் அதே சட்டத்தில் உள்ளது. விலைச்சீட்டையும் மாதிரி எண் அச்சிட்ட பெட்டியின் பகுதியையும் எடுத்துவைத்திருப்பது அப்போது உதவும்.